கேட்டால்தான் துடக்கு

மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள் பலருக்கு அதன் பிறகு ஒரு ஞானம் வந்துவிடுகிறது. வாழ்க்கை குறுகியது என்கிறார்கள், பகையை மறக்கவேண்டும் என்கிறார்கள், விடியற்காலையில் எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. முன்பு யாரையெல்லாம் பிடிக்காதோ அவர்களை இப்போதும் பிடிக்காது. புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதை எழுதுவதும் மனம் கனிந்து அல்ல. எங்கள் பக்கத்துப் பெண்கள் நெஞ்சுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு இஞ்சித் தண்ணீர் குடித்துச் சாகிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது இதை வாசித்துவிட்டு எழும்பி ஆஸ்பத்திரிக்குப் போனால் எனக்கு அதுவே காணும்.

நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் ஊர். வீடு என்னுடையது. எங்கள் வழக்கப்படி அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது; அதற்குள் கலியாணம் முடித்து வந்து இருப்பவர் என் கணவர். அவர் எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலின் வண்ணக்கர், அதாவது கோயில் காரியம் பார்க்கும் தலைவர். அது அவருடைய தாய்வழிக் குடிக்கு உரிய பதவி. மாமன் போனபின் மருமகனுக்கு வரும். மாமன் லேசில் போகவில்லை. பதவி கைக்கு வந்தபோது இவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது, ஆசை மட்டும் நரைக்கவில்லை.

வைகாசியில், வருடத்துக்கு ஒருமுறைதான் அந்தக் கோயிலின் கதவு திறக்கும். அன்றைக்கு வண்ணக்கரின் கையில் காப்புக் கட்டுவார்கள். கடைசி நாளில் அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி பாடிச் சடங்கு முடியும்வரை அவர் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, வீட்டுக்கு வரக்கூடாது, கோயிலிலேயே படுக்கவேண்டும். சாவுத் துடக்கு, அதாவது தீட்டு, அவரில் படவே கூடாது. பட்டால் காப்பை அறுத்துக் கதவைச் சாத்தவேண்டும். ஊர் எல்லைக்குள் சாவு விழுந்தாலும் அப்படித்தான். எல்லைக்கு வெளியே நடந்த சாவுக்கு மட்டும் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள்: செய்தி காதில் விழும்வரை துடக்கு இல்லை. கேட்டால்தான் துடக்கு.

இதை நம்புகிறவர்களை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அம்மனில் எனக்கும் பக்தி உண்டு. அம்மனுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் ஆண்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

போன வருடம் கதவு திறந்ததற்கு மறுநாள் காலை. கச்சான் காற்று அனலாய் அடித்துக்கொண்டிருந்தது. வண்ணக்கர் வீட்டிலிருந்து கோயிலுக்குப் படையல் கொண்டுபோகும் மடைப்பெட்டி போகவேண்டும், அதற்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். தாடை உளையத் தொடங்கியது. பல்லுக்குத்து என்று நினைத்தேன். பிறகு முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில், யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவதுபோல் ஒரு நோவு. சட்டை நனைய வேர்த்தது. சத்தி எடுத்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவெல்லாம் இல்லை, அது படங்களில் நடப்பது. பெண்களுக்குப் பலநேரம் இப்படித் தாடையிலும் முதுகிலும் வயிற்றிலும்தான் மாரடைப்பு வருமாம். பிறகுதான் டொக்டர் சொன்னார்.

பலகாரம் சுட வந்த பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். ஆளுக்கொரு வைத்தியம்.

"வாய்வுதான் டீச்சர். வெறும் வயித்தோட அடுப்படியில நிண்டீங்க, ஏறிட்டு."

"ஓமத்தண்ணி குடுங்க கா. மறுகா ஏவறை வந்தாச் சரியாகிடும்."

"வாய்வுமில்ல ஒண்டுமில்ல, இது நாவூறு. வண்ணக்கர்ர பொஞ்சாதி எண்டு ஊரே கண்வச்சுப் பாக்குது."

மிளகாயும் உப்பும் எடுத்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மிளகாய் கமறவில்லை, அதனால் நாவூறு நிச்சயமாம். எனக்கு மூச்சு வரவில்லை, அதைப்பற்றி எவருக்கும் நிச்சயமில்லை. இத்தனை பிள்ளைகளுக்குத் தர்க்கம் படிப்பித்த நானும் தந்த இஞ்சித் தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தேன். அந்தக் கூட்டத்தில் ஆகப்பெரிய முட்டாள் நான்தான்.

அப்போதுதான் மடைப்பெட்டி எடுத்துப்போக தயாளன் வந்தான். கோயில் செயலாளர். என்னிடம் படித்தவன். பின்னம் கூட்டச் சொன்னால் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் சேர்த்துக் கூட்டி வைப்பான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுடைய முகம் வெளிறியது. பயந்துவிட்டான், ஆனால் எனக்காக அல்ல.

"டீச்சர், இஞ்ச வச்சு உங்களுக்கு ஏதும் நடந்தாக் கதவு சாத்தணும் டீச்சர்!" என்று என் முகத்துக்கு நேரே சொன்னான். பிறகு முற்றத்தில் நின்று போனில் கத்தினான். "வான கெதியா அனுப்புங்கடா. சாமான் ஒண்டும் இறக்கவேணாம், அப்பிடியே வரட்டும். எல்லையத் தாண்டினாக் காணும்."

நான் சாவதைப் பற்றி அவனுக்கு ஆட்சேபனை இல்லை. எங்கே சாவது என்பதுதான் பிரச்சினை.

வான் பறந்து வந்தது. தேங்காய் மூட்டைக்கும் வாழைக்குலைக்கும் நடுவில் என்னைக் கிடத்தினார்கள். பக்கத்து வளவில் இருக்கும் என் தங்கச்சி நகுலா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து ஏறினாள். என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அக்கா, கண்ண மூடாத. என்னப் பாத்துக் கதை. என்னை ஏசு, ஏதாவது ஏசு," என்றாள். நான் ஏசினேன். எல்லைப் பிள்ளையாரைத் தாண்டியதும் முன்சீட்டில் இருந்த தயாளன் பெருமூச்சு விட்டதை நான் கேட்டேன். அவனுடைய கண்டம் கழிந்துவிட்டது. என்னுடையது கழியவில்லை.

உண்மையை மறைக்கக்கூடாது. அந்த வான் இல்லையென்றால் நான் இல்லை. என்மேல் அன்பு வைத்த பெண்கள் என்னை வீட்டில் வைத்து அன்பாகக் கொன்றிருப்பார்கள். என்னைச் சுமை என்று நினைத்தவன் காப்பாற்றினான். இதற்காக நான் அவனுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லமாட்டேன்.

சின்ன ஆஸ்பத்திரியில் கட்டிலில் ஏற்றிய கையோடு ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சிலும் கைகாலிலும் கம்பிகளை ஒட்டி, இதயத்தின் மின்துடிப்பைக் கடதாசியில் கோடாக வரைவது அது. கோட்டைப் பார்த்த இளம் டொக்டர் பிள்ளை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அஸ்பிரின் குளிசையை வாய்க்குள் போட்டுச் சப்பச் சொன்னாள். பிறகுதான், "அம்மா, இது வாய்வு இல்ல. மாரடைப்பு," என்றாள். அந்த நோவிலும் எனக்கு ஒரு திருப்தி. நாவூறு கழித்தவர்கள் பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

மாரடைப்பு என்றால் என்ன என்று எங்கள் ஊருக்கு விளங்கும்படி சொல்கிறேன். இதயத்துக்குள் எந்நேரமும் இரத்தம் நிறைந்திருக்கும், ஆனால் அந்த இரத்தத்தை இதயத்தின் தசை குடிப்பதில்லை. அதற்கென்று தனியாக முடியுரு நாடிகள் வெளியே ஓடுகின்றன. குளம் நிறையத் தண்ணீர் கிடந்தாலும் வாய்க்கால் அடைபட்டால் கடைசி வயல்வட்டை காய்ந்துபோகும் அல்லவா, அதுதான் இது. வருடக்கணக்காக நாடிச் சுவரில் கொழுப்புப் படிந்திருக்கும். ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கும், அதன்மேல் இரத்தம் உறைந்து கட்டியாகி வழியை அடைக்கும். அந்த நிமிடத்திலிருந்து தசை சாகத் தொடங்கும். செத்த தசை திரும்ப முளைக்காது. இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வேளாண்மை காய்ந்துகொண்டிருந்தது.

கட்டியைக் கரைக்கும் ஊசியை ஏற்றிவிட்டு, அம்புலன்ஸில் பாலம் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இதய நோயாளிகளுக்கான தனி வாட்டு. தலைமாட்டில் ஒரு திரை, அதில் என் துடிப்பு ஓடிக்கொண்டேயிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பது ஒரு தண்டனை. கோடு கொஞ்சம் கோணினாலும் தாதியைக் கூப்பிடுவேன். பயந்தேன், நன்றாகவே பயந்தேன். நகுலாவை உள்ளே இருக்க விடமாட்டார்கள். அவள் வெளியே விறாந்தையில் சீலைத் தலைப்பை விரித்துப் படுத்துக்கொண்டு, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கிக் காட்டுவாள். அந்தக் கையை எதிர்பார்த்தே இரவைக் கழித்தேன். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் எவரும் பில் நீட்டவில்லை, அந்த ஒரு பயம் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் நடந்ததைச் சொல்லவேண்டும். ஊர்க் கோயிலில் அம்மனின் கலியாணச் சடங்குக்குக் கல்யாணக்கால் நடும் நாள் அது. சாப்பிடத் தந்த பாண் காய்ந்துபோய்க் கிடக்கிறது என்று தாதியிடம் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி வசனத்தில் நான் இல்லை.

கண்விழித்தபோது நெஞ்செலும்பு முறிந்ததுபோல் வலி. நெஞ்சில் இரண்டு இடத்தில் தோல் சிவந்து எரிந்தது. அந்தத் தாதி மூச்சிரைக்க வேர்த்து நின்றாள். இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கியிருக்கிறது. நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது. ஆகவே அது நின்றதற்குச் சமம். நெஞ்சை அமுக்கி, மின்சாரம் பாய்ச்சித் திருப்பி ஓடவைத்திருக்கிறார்கள். அந்த நேரம் ஒளி ஒன்றும் தெரியவில்லை, செத்துப்போன சொந்தக்காரர் எவரும் வந்து கைநீட்டவும் இல்லை. அப்படிக் கதை சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான்.

நகுலா அழுதுகொண்டே என் கணவருக்குப் போன் எடுத்திருக்கிறாள். எடுத்தவன் தயாளன்.

"வண்ணக்கர்ர போன் சடங்கு முடியுமட்டும் என்னட்டத்தான் இருக்கும். என்ன செய்தி, சொல்லுங்க. நல்ல செய்தியெண்டாச் சொல்லிவிடுறன்."

"அக்காட நெஞ்சு நிண்டுபோய்த் திரும்ப ஓடவச்சிருக்காங்க தம்பி! அத்தான வரச் சொல்லுங்க!"

அவன் கொஞ்சம் யோசித்தானாம். "இப்ப ஓடுதுதானே? அப்ப நல்ல செய்திதான். வாய்வு இறங்கிட்டு எண்டு சொல்லிவிடுறன்."

நகுலா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, நெஞ்செலும்பு வலியில் சிரிக்க முடியவில்லை. சிரிப்பு அடங்கியபின் ஒரு நினைப்பு வந்தது, அது இன்னும் போகவில்லை. அந்த மத்தியானம் நான் திரும்பி வராமல் விட்டிருந்தால், அது தெரியாமல் ஒரு மனிதர் கையில் காப்போடும் நெற்றியில் சந்தனத்தோடும் சடங்கு முடியும்வரை சந்தோசமாக நின்றிருப்பார். அவருக்கு நான் உயிரோடு இருந்திருப்பேன். சாவைவிட அந்த நினைப்புத்தான் எனக்கு அவமானமாக இருந்தது.

"இனி அவருக்கு ஒண்டும் சொல்லாத," என்றேன் நகுலாவிடம். "அவராக் கேக்கட்டும்."

அன்று பின்னேரமே அஞ்சியோகிராம் செய்தார்கள். மணிக்கட்டு நாடியால் மெல்லிய குழாய் ஒன்றை இதயம்வரை செலுத்தி, மை ஊற்றி, எங்கே அடைப்பு என்று படம் பிடிப்பது. ஆள் மயங்குவதில்லை, நான் திரையில் என் நாடியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். முன்பக்கத்துப் பெரிய நாடி ஓரிடத்தில் நூல்போல் மெலிந்திருந்தது. அதற்குள் சின்ன பலூன் ஒன்றை ஊதி விரித்து, ஸ்டென்ட் எனப்படும் வலைக்குழாயைத் தூண்போல் நிறுத்தினார்கள். தொடங்குவதற்கு முன்பு சம்மதக் கையெழுத்துக்குக் கணவர் எங்கே என்று கேட்டிருந்தார்கள். ஊரில் சாமிக்குக் காவல் நிற்கிறார் என்று சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன். முடிந்ததும் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டுப்போட்டார்கள். அவருக்கும் கையில் கட்டு, எனக்கும் கையில் கட்டு. நல்ல பொருத்தம்.

சாதாரண வாட்டுக்கு மாற்றியபின் பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுதினால் முடியாது. கையில் ஒரு மால்ட் போத்தலும் வாயில் ஒரு சாவுக்கதையும் இல்லாமல் எவரும் வரவில்லை. "இப்பிடித்தான் டீச்சர், எங்கட பெரியப்பாவும் நல்லாக் கதைச்சிட்டு இருந்தவர்," என்று தொடங்குவார்கள். பெரியப்பா கடைசியில் பிழைக்கமாட்டார். நகுலா மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் கஞ்சி பருக்கினாள், காலைத் துடைத்தாள், சிக்குப் பிடித்த தலையை வலிக்காமல் வாரிப் பின்னினாள். அவளை நான் ஒருநாளும் பாராட்டியதில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

குளிர்த்தி முடிந்த பின்தான் வண்ணக்கர் வந்தார். புதுவேட்டி, கையில் திருநீறு, முகத்தில் ஒரு களை. என்னை வீட்டுக்கு விடும் நாள் அது.

"அம்மாள்தான் உன்னக் காப்பாத்தினவ புள்ள," என்றார். "வாய்வு கூடினா நெஞ்சையும் அடைக்குமாம். சின்னக் கம்பி ஒண்டு வச்சிருக்காங்களாமே. தயாளன் எல்லாம் சொன்னான்."

"தயாளன் சொன்னாச் சரிதான்," என்றேன்.

"இந்தமுறை சடங்கு ஒரு குறையுமில்லாம நடந்த. ஊரே சொல்லுது."

வீடு என்னுடையது, ஆகவே வீட்டுக்குத்தான் போனேன்.

அதன்பிறகு அவர் மாதிரி ஒரு கணவனை நீங்கள் பார்த்திருக்க முடியாது. குளிசையை எண்ணிக் கையில் தருவார், உப்புக் குறைத்துக் கறி காய்ச்சுவார், நான் வாளி தூக்கினால் ஓடிவந்து பறிப்பார். இப்படியொரு புருசன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று, மிளகாய் சுற்றிய அதே பெண்கள் வந்து சொன்னார்கள். ஆனால் அந்த நாட்களில் எனக்கு என்ன நடந்தது என்று ஒருநாளும் அவர் கேட்கவில்லை. நெஞ்சில் தழும்பு என்ன என்று கேட்கவில்லை. நகுலா ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் மாட்டைப் பார்க்க எழும்பிப் போய்விடுவார். கேட்டால்தான் துடக்கு என்பது அவருக்குச் சடங்கோடு முடியவில்லை. நானும் சொல்லவில்லை. இப்படி ஒரு கோழையோடா இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தேன் என்று அவர் கையால் குளிசை வாங்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

கிளினிக்குக்கு என்னோடு எப்போதும் நகுலாதான் வருவாள். இந்த வருடம் வைகாசி நெருங்கும் சமயம் அவளுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போனார். அன்று கிளினிக்கில் இருந்தவர், எனக்கு மின்சாரம் பாய்ச்சியபோது வாட்டில் நின்ற அதே டொக்டர். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"ஐயா, இவவுக்கு அண்டைக்கு இதயம் நிண்டு, நாங்க மின்சாரம் குடுத்துத்தான் திரும்ப ஓடவச்ச. அதால இந்த மருந்தை ஒருநாளும் விடக்கூடாது. உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் தலையாட்டினார். தெரியும் என்று ஆட்டினாரா, சும்மா ஆட்டினாரா தெரியாது. மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். கீழே வாவியில் இரண்டு தோணி நின்றன.

"எண்டைக்கு?" என்றார்.

"கல்யாணக்கால் நட்ட அண்டைக்கு. மத்தியானம்."

"அந்நேரம் நான் கோயில் பந்தியில இருந்தன்," என்றார் மெதுவாக. "ரெண்டாந்தரம் பாயாசம் கேட்டு வாங்கினன்."

"உங்கட போன அவன் பறிச்சிட்டானா?"

"இல்ல புள்ள. ஆரும் பறிக்கல்ல. நான்தான் குடுத்தன்."

பொய் சொல்ல அவருக்கு நல்ல வசதி இருந்தது. தயாளன் பறித்தான் என்றால் நான் நம்பியிருப்பேன், நம்பத் தயாராகவும் இருந்தேன். சொல்லவில்லை. அதற்காக மட்டும் அவரை ஒரு துளி மதித்தேன். அழுதாரா என்று எனக்குத் தெரியாது, ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்து ஏசிய பிறகுதான் வண்டியை எடுத்தார்.

சில நாள் கழித்து தயாளன் வெற்றிலைத் தட்டத்தோடு வந்தான். கதவு திறக்க நாள் வைத்தாயிற்று, காப்புக் கட்டச் சொல்லி வண்ணக்கரை முறைப்படி அழைக்கவேண்டும். அவன் முதலில் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து என்னை விசாரித்தான்.

"டீச்சர், சுகம் எப்பிடி? சடங்கு முடியுமட்டும் ஒண்டும் வராதுதானே?"

"உனக்குத் தேத்தண்ணி வைக்கிறன், போய் இரு," என்றேன்.

கேத்தல் கொதிக்கும்வரை உள்ளே நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் வந்து தடுப்பேன் என்று அவர் பார்த்திருந்தாரோ என்னவோ. நான் தடுப்பதாக இல்லை. போவதென்றால் போகட்டும், இனி என்னிடம் இழக்க ஒன்றும் இல்லை என்று நின்றேன்.

"தட்டத்த எடுங்கண்ணே," என்றான் தயாளன்.

"எடுக்கேலா தம்பி. எனக்குத் துடக்கு."

"துடக்கா? உங்கட குடியில ஆரு மோசம்போனது? ஒரு செய்தியும் வரல்லயே!"

"குடியில இல்ல. என்ட பொஞ்சாதி. போன வருசம், கல்யாணக்கால் நட்ட அண்டைக்கு." அவர் தட்டத்தைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது. "நான் இப்பதான் கேள்விப்பட்டன்."

நான் தேநீரோடு வெளியே வந்தேன். தயாளன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் அவரைப் பார்த்தான். பின்னக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அவனை எழுப்பிவிட்டால் அந்தக் காலத்தில் இப்படித்தான் நிற்பான்.

"டீச்சர்?" என்றான்.

"ஓம்," என்று சொல்லிக் கோப்பையை அவன் முன்னால் வைத்தேன். "குடி, ஆறப்போகுது."